ஒரே பேரிக்காய்

“இடுப்பு கொஞ்சம் பெருத்துப்போச்சு, தோலும் சுருங்கிட்டுது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியலை” என்றாள் கோரின்.

கதவோரம் நின்ற லாய்ட் சட்டென்று தொந்தியை எக்கிக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் மனைவி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

இப்போதும் வரவில்லை. அவள் சொன்னது ஜன்னலோர மேசையில் இருந்த பேரிக்காயைப் பற்றி.

போர்ட்லாண்ட் ஓவியக் கூடத்திலிருந்து வந்திருந்த திருமதி ஹால்வர்சன், சுவரில் வரிசையாக இருந்த பதினெட்டு ஓவியங்களையும் பார்த்து முடித்தார். நாளுக்கு ஒன்று. முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் பழுப்பு.

“எல்லாம் ஒரே காய்தானா?”

“பின்னே? பழத்தட்டு, பூச்சாடின்னு அடுக்கிவெச்சு அழகு பார்க்கிற வேலையே எங்கிட்ட கிடையாது. ஒரே காய். அது வதங்குற வரைக்கும் கூடவே இருக்கணும். அதோட இனிப்புகூட எனக்கு அத்துப்படி.”

“இதுதாங்க எனக்கு வேணும்! ஒரே காய்ங்கறதுதான் இதுக்கு உயிரே. மே மாசம் உங்க கண்காட்சி. இருங்க, ஒப்பந்தம் கார்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.”

அவர் வெளியே போனதும் லாய்ட் கதவைச் சாத்தினார். கோரின் இந்த நாளுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தவள்.

காயை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது லாய்டின் பொறுப்பு. ஆறாம் நாள் காலை அது பழுத்து மணந்தபோது வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. தோட்டத்து மரத்தடியில் அதே சாயலாக ஒன்றைத் தேடிப்பிடித்து வைத்தவர், அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

“கோரின், நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். அந்தக் காயை நான் தின்னுட்டேன். ஆறாம் நாளே. இது வேற. உன் பத்து வருஷத்தைப் பாழாக்கிட்டேன்.”

கோரின் தூரிகையைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாகக் கார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணவரின் காதருகே வந்தாள்.

“மெதுவாப் பேசு, கிழவா. நீ தின்னது மூணாவது.”