தம்பிக்கு ஒரு அறை

"இந்தக் கம்பித் தடுப்பு வேண்டாம்மா. முதல்ல அதை எடுத்துடுங்க."

டயர் கடைக்காரர் லேப்டாப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறையை அழகுபடுத்த வந்திருந்த டிசைனருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த படம். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இரும்புக் கம்பிகள். பின்னால் பூசாத சிமென்ட் நிறத்தில் ஒரு சுவர்.

"இப்போ எல்லாரும் இதைத்தான் சார் கேட்கிறாங்க. ஸ்டைலா இருக்கும்."

"இருக்கட்டும். கம்பியும் வேண்டாம், அந்தச் சிமென்ட் சுவரும் வேண்டாம். ஜன்னல் கிரில்லையும் கழற்றிடுங்க."

"ரெண்டாவது மாடியாச்சே சார்?"

"கெட்டிக் கண்ணாடி போட்டுக்கலாம். படுத்துப் பார்த்தா வானம் முழுசாத் தெரியணும். துண்டு துண்டா இல்ல."

அவள் குறித்துக்கொண்டாள். போன மாதம் ஒருவர் குளியலறையில் டி.வி. கேட்டார். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

"கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் கூடாது. உள்ளே மட்டும் போதும். லைட் ஸ்விட்ச், படுத்தபடியே கை எட்டற இடத்துல. எப்போ அணைக்கணும்னு அவனே முடிவு பண்ணணும்."

"யாருக்கு சார், பையனுக்கா?"

"தம்பிக்கு."

தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். எட்டு வயது. "எங்க சித்தப்பா! நான் பார்த்ததே இல்ல. அவரு உயரமாப்பா?"

"என்னைவிட அரையடி உயரம்டா. கட்டில் ஆறரை அடி இருக்கட்டும்மா. சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் ஒரே பாய். காலைத் தூக்கி என் மேல போட்டாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இப்பவும் சில நாள் விடியறப்போ இடுப்புல கனமா ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கு. தடவிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

"வெளிநாட்டுல இருக்காரா சார்?"

"தூரத்துல இருக்கான்."

"நீங்க போய்ப் பார்க்கிறதில்லையா?"

"ஆரம்பத்துல போனேன். ஒரு வார்த்தை பேசாம அழுதுட்டே நின்னேன். இனிமே வராதே, பார்க்கவே மாட்டேன்னுட்டான்."

காப்பிக் கோப்பைகளோடு வந்த அவர் மனைவி, தட்டை மேஜையில் சற்று வேகமாகவே வைத்தாள்.

"கொழுந்தனுக்கு ஹால்ல ஒரு கட்டில் போட்டா ஆகாதா? எங்க ரூமைத் தூக்கிக் குடுத்துட்டு நாங்க ஹால்ல படுக்கணுமாம். அப்படி என்ன சாதிச்சுட்டு வர்றாராம்!"

டயர் கடைக்காரர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். காப்பியில் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. இளமஞ்சள் சுவர். கால் புதையும் கம்பளம். ஜன்னல் நிறைய வானம். திரைச்சீலைத் துணியை மட்டும் அவர் நான்கு தடவை மாற்றினார். கடைசியில் மகள் கைகாட்டியதை எடுத்துக்கொண்டார்.

தம்பி வரும் நாளில் டிசைனரும் வந்திருந்தாள். இவ்வளவு ஆசையாக ஒருவர் எதிர்பார்க்கிற ஆளைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

காலை பதினொரு மணிக்கு டாக்ஸி வந்தது. இறங்கியவர் நல்ல உயரம். காது ஓரமெல்லாம் நரை. கையில் ஒரே ஒரு துணிப்பை.

"மீதி லக்கேஜ் பின்னாடி வருதா சார்?" என்று கேட்டாள் டிசைனர்.

"இவ்வளவுதாம்மா" என்று சிரித்தார்.

மாடி ஏறி, சாத்தியிருந்த அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார்.

"சும்மாதான் சார் சாத்தியிருக்கு. தள்ளுங்க."

அவர் அசையவில்லை. யாரோ வரவேண்டும் என்பதுபோல் பக்கவாட்டில் பார்த்தார்.

டயர் கடைக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். "எட்டு வருஷமா யாராவது திறந்துவிட்டாத்தான்னு பழகிட்டான்மா... ஜெயில்ல."

மனைவி சட்டென்று மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "குழந்தை முன்னாடி அதைச் சொல்லியே ஆகணுமா? ஒரு உயிரையே போக்கினவருக்கு மெத்தை என்ன, கம்பளம் என்ன..."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி சொல்றது சரிதான். எனக்கு எதுக்கு அண்ணா இது? நீயும் அண்ணியும் இருந்த ரூம். எனக்கு ஹால்ல ஒரு ஓரம் போதும்."

டயர் கடைக்காரர் அவர் கையை இறுகப் பிடித்தார். ஆனால் பார்த்தது மனைவியை.

"வேண்டாம் அண்ணா" என்றார் தம்பி அவசரமாக.

"போதும்டா. இனிமே என்னால முடியாது. அன்னைக்குக் கடை வாசல் சண்டையில அந்த ஆளைப் பிடிச்சுத் தள்ளினது நான். பாப்பா பிறந்து ஒன்பது நாள்தான் ஆச்சுன்னு, நீ போய் போலீஸ்கிட்ட கையை நீட்டினே. எட்டு வருஷமா என் ரூம்லதானேடா நீ இருந்தே!"