முப்பத்தொன்று முடிந்த வீடு

மரண அறிவித்தல் வாசிக்கும் குரலை அன்ரனெற் சின்ன வயதில் மன்னாரில், வானொலியில் கேட்டிருக்கிறாள். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அருமை மாமனாரும் என்று ஒரே தாளத்தில் இறங்கிக்கொண்டே போகும். அது முடியும்வரை வீட்டில் ஒருவரும் கரண்டிச் சத்தம்கூடக் காட்ட மாட்டார்கள்.

அதே தாளத்தில் இப்போது கனடாவின் ஸ்காபரோவில், ஒரு மாடிக் குடியிருப்பில், இராஜரட்ணம் கணினியில் மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திக் கண்ணாடியை உயர்த்தினார்.

"உல்மிலை இந்த மாசம் ஒருத்தரும் சாகேல்லை, தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ."

அன்ரனெற் வந்தது அக்கா மகள் ஷாமிலாவுக்காக. ஷாமிலா பிரான்சில், லியோனில் இருக்கிறாள். ஜேர்மனியில் உல்ம் என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாம் திகதிக்குள் அங்கே ஒரு விலாசம் பதியாவிட்டால் வேலை போய்விடும். ஆறு வயது மகளையும் வைத்துக்கொண்டு அவள் கேட்காத இடமில்லை. வீட்டுக்காரர் சம்பளத் துண்டு கேட்கிறார். சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். குடிபெயர்வோருக்கான ஆலோசனை இலக்கம் ஒன்றில் பியானோ வாசித்து, நன்றி சொல்லி, வைத்துவிடுகிறார்கள்.

"ஐரோப்பாவுக்குள்ளை இடம் மாறுறதெண்டால் இராஜரட்ணம் அண்ணையைக் கேளுங்கோ" என்று பூசை முடிந்து வரும்போது யாரோ சொன்னார்கள்.

"அண்ணை ஜேர்மனியிலை எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?"

"நான் இருக்கேல்லை. பிராங்பேட்டிலை பிளேன் மாறினனான். கண்ணாடிக்குள்ளாலை பாத்தன். நல்ல நாடு."

அவருடைய வழி வேறு. மரண அறிவித்தலின் அடியில், தொடர்புகளுக்கு என்று உறவினரின் பெயரும் ஊரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்துக்கு எடுத்து, அறை இருக்கிறதா என்று கேட்பார்.

"செத்தவீட்டுக்காரரிட்டையோ?" என்றாள் அன்ரனெற்.

"அதிலைதான் நம்பர் சரியா இருக்கும். மற்றவையள் எல்லாம் மாத்திப்போடுவினம்."

அவர் மனைவி ஜெயமலர் தேத்தண்ணியை வைத்தார். "கிழமைக்கு ஒரு செத்தவீடு எங்களுக்கு. போன மாசம் டென்மார்க்கிலை ஒரு மனிசன் விம்மி விம்மி அழுகுது, இவர் ஹீற்றர் வேலை செய்யுதோ எண்டு கேக்கிறார்."

இராஜரட்ணம் காதில் விழாதவர்போல் பழைய மாதங்களுக்குப் போனார்.

"இஞ்சை ஒண்டு. மூண்டு பொடியள், மருமக்கள், பேரப்பிள்ளையள். எல்லாரும் உல்மிலைதான்."

"நல்லதாப் போச்சு. ஆரிட்டையாவது ஒரு அறை இருக்கும்."

"வேண்டாம். அந்த வீட்டிலை எனக்கு அலுவல் இல்லை." விரல் இறங்கியது. "யூஜினி அகஸ்ரின். மாசி மாசம். பிள்ளையள் இல்லை. புருசன்ரை நம்பர் மட்டும். முப்பத்தொண்டாம் நாள் பூசையும் முடிஞ்சுது. இதுதான் சரி."

தனியாள், துக்கத்தில் இருக்கிற ஆள், மறுக்கத் தெம்பில்லாத ஆள். பார்த்துத்தான் பிடிக்கிறார் என்று அன்ரனெற் நினைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"அகஸ்ரினோ? கனடாவிலையிருந்து இராஜரட்ணம். மனுசி மோசம் போன அறிவித்தலைப் பாத்தன்."

"ஓம்." மெல்லிய குரல். "நீங்கள் யூஜினிக்கு என்ன முறை?"

"முறை ஒண்டுமில்லை. வீட்டிலை எத்தினை அறை?"



"இரண்டு."

"சமைக்கிறது ஆர்?"

"சமைக்கிறேல்லை. பாணும் பட்டரும்தான்."

"ஷாமிலா எண்டு ஒரு பிள்ளை, மகளோடை உங்கடை ஊருக்கு வேலைக்கு வாறா. விலாசம் பதிய வேணும். உங்களோடை இருக்கட்டும்."

"நான் வாடகைக்கு விடுறேல்லை" என்றார் அகஸ்ரின். தொடர்பு அறுந்தது.

அன்ரனெற் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வெக்கமா இருக்கண்ணை. ஷாமிலாவுக்கு வேலை போனாலும் போகட்டும். அழுற மனிசனிட்டைப் போய் அறை கேக்க ஏலாது."

"தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் ஜெயமலர். "ஆறப்போகுது."

அவள் சப்பாத்தைப் போடும்போது தொலைபேசி அடித்தது.

"நான் அகஸ்ரின்." ஸ்பீக்கரில் அதே மெல்லிய குரல். "அந்தச் சின்னப்பிள்ளை உறைப்புச் சாப்பிடுமோ? யூஜினி இடிச்ச மிளகாய்த்தூள் இஞ்சை கனக்கக் கிடக்கு."

அன்ரனெற் ஒரு சப்பாத்தோடு நின்றாள்.

ஷாமிலா முதலில் தனியாகப் போய் வீட்டையும் ஆளையும் பார்த்தாள். பிறகு மகளோடு போனாள். முதலாம் திகதிக்கு முன் விலாசம் பதிந்தாயிற்று.

நன்றி சொல்லாமல் விடக்கூடாதே என்று, அரைமனதோடு அன்ரனெற் இராஜரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஷாமிலா வேலைக்குப் போகத் தொடங்கிட்டாள், அண்ணை. வீடும் வசதியாம்."

"ஷாமிலா கெட்டிக்காரி. அவவுக்கு எங்கையாவது ஒரு அறை கிடைச்சிருக்கும்" என்றார் இராஜரட்ணம். "முப்பத்தொண்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆர் போறது? மனிசன் சாப்பிடுதோ, அதைச் சொல்லுங்கோ."

அகஸ்ரின் இப்போது காலையில் சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வரும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறார்.