யானை கேட்கும் பெயர்

பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மடியில் ஆதினி. நாலு வயது. புது கவுன், இறுக்கிப் போட்ட இரட்டைச் சடை.

இந்தப் பள்ளியில் எல்கேஜி சீட் குதிரைக்கொம்பு. பிள்ளை இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் போதும், கிடைத்துவிடும் என்று தெருவே சொல்லியிருந்தது.

ஆதினி பேசுவாள். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எல்லாம் செல்போனில் இருந்த ஒரு ஆப் சொல்லிக் கொடுத்ததுதான்.

அந்த ஆப்பில் ஒரு மஞ்சள் யானை துதிக்கையை ஆட்டி ஆட்டிப் பேசும். ஆப்பிள் என்றால் கைதட்டும். பெயர் கேட்கும். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம்.

இலவச ஆப். அதில் ஒரு பிள்ளையின் பெயருக்குத்தான் இடம்.

அந்த இடத்தில் மகிழினியின் பெயர் இருந்தது.

மூத்த மகள். இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. அவள் சேர்த்து வைத்த நட்சத்திரங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. பெயரை மாற்றினால் அத்தனையும் அழிந்துவிடும் என்றது ஆப்.

எந்தத் தாய் மாற்றுவாள்?

அப்படியே சின்னவள் கையில் கொடுத்தாள்.

யானை மகிழினி என்றே கூப்பிட்டது. ஆதினி என்று சொன்னால் உதட்டைப் பிதுக்கியது. குழந்தை படு கெட்டி. யானைக்கு எது பிடிக்கும் என்று மூன்றே நாளில் கண்டுகொண்டாள்.

“மை நேம் இஸ் மகிழினி.”

முதல் தடவை அது காதில் விழுந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். கல்லில் தோசை கருகியது. ஓடிவந்து பிள்ளையை அள்ளி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அதே குரல். மூத்தவளின் அதே இழுப்பு.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. சாயங்காலம் ஆனால் அந்த ஒரு வரிக்காகவே காத்துக் கிடந்தாள், பாவி. கேட்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

“வாட் இஸ் யுவர் நேம்?”

“மை நேம் இஸ் மகிழினி.”

கணீரென்று. ஒரு பிசிறு இல்லை.



“வெரி குட்!” என்றவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. “ஆதினின்னுல்ல எழுதியிருக்கீங்க? மகிழினி யாரும்மா?”

அம்மா பிள்ளையின் பக்கம் குனிந்தாள்.

“மை நேம் இஸ் ஆதினின்னு சொல்லு சாமி.”



குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. பிறகு எக்கி, காதோடு மெல்லக் கேட்டது.

“அப்படிச் சொன்னாலும் என்னையக் கட்டிப்புடிப்பியாம்மா?”