நாலாம் வகுப்பு சாருக்கு ஒரு கரடிக் கதை

"இதை எழுதின ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், டீச்சர்."

நாலாம் வகுப்பு சார் நூலகத்துக்குள் நுழைந்த வேகத்தில் மேஜையிலிருந்த அட்டைகள் நாலைந்து பறந்தன. இடைவேளைக்குப் புத்தகம் மாற்ற வந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் நழுவினார்கள். நூலக டீச்சர் குனிந்து அட்டைகளைப் பொறுக்கினார்.

சுவரில் இருந்த பலகை அவர் ஆசை ஆசையாய் ஆரம்பித்தது. படித்த புத்தகம் எப்படி இருந்தது, யாரெல்லாம் படிக்கலாம் என்று பிள்ளைகள் அட்டையில் எழுதி அதில் குத்திவைப்பார்கள். பேர் போட வேண்டாம், யார் எழுதியது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்த பிறகுதான் வாயே திறக்காத பிள்ளைகள்கூட எழுத வந்தார்கள். 'படம் அழகு, கதை மொக்கை', 'தம்பி இருக்கிறவர்கள் மட்டும் படிக்கவும்' என்று பலகை நிரம்பி வழிந்தது.

சார் கையில் கசங்கிக்கொண்டிருந்த அட்டை இதுதான்:

'இந்தக் கதையில் ஒரு கரடி வரும். எப்பவும் உர்ருன்னு இருக்கும். ஆனா ரொம்ப நல்ல கரடி. கடைசிப் பக்கத்தில் சிரிக்கும். இதை நாலாம் வகுப்பு சாருக்குச் சிபாரிசு செய்கிறேன். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும்.'

"கரடின்னு சொன்னதைக்கூட விட்டுடறேன். பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டுப் படிக்கணுமாம். ஏன், எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதா?"

டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சார் பாடும் பாவம்தான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்பெஞ்சிலிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தம். ஓய்வறையில் விளையாட்டு சார் வேறு, கரடிக்குத் தேன் போட்டு டீ வேண்டுமா என்று விசாரிக்கிறார்.

கையெழுத்தைப் பார்த்தே பிள்ளையின் பேரைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவர் சார். விடுவாரா? முந்தின நாளே தன் வகுப்பின் முப்பத்தாறு நோட்டுகளையும் வீட்டுக்குத் தூக்கிப்போய், ஒருத்தரையும் அறைப்பக்கம் வரவிடாமல் புரட்டித் தள்ளினார். 'டி'யின் சுழியை அணில் வால் மாதிரி இழுத்துவிடும் அந்தக் கையெழுத்து அகப்படவில்லை. அஞ்சாம் வகுப்பையும் அலசிவிட்டார். மூன்றாம் வகுப்பைப் பார்த்தீர்களா என்று டீச்சர் இப்போது மெதுவாகக் கேட்டார். அந்தப் பொடிசுகளுக்கு இவ்வளவு கொழுப்பு வராது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசிட்டேன். நீங்க பேரைச் சொல்லலேன்னா இப்பவே பலகையைக் கழட்டிடுவேன்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறதே என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். சார் மசியவில்லை. பேரைச் சொன்னால் பலகை பிழைக்கும். ஆனால் அப்புறம் எந்தப் பிள்ளை அவரை நம்பி எழுதும்?

"சொல்ல மாட்டேன் சார். பிள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையின் முதல் ஆணியில் கை வைத்தார்.

"எடுக்காதீங்க சார். நான்தான் எழுதினேன்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மூன்றாம் வகுப்பு வாண்டு வெளியே வந்தது. இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கரடிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தது. சார் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

சார் நாற்காலியை விட்டு இறங்கினார். கசங்கிய அட்டையை மெல்ல நீவிவிட்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயா எழுதினே?" என்றார் கடைசியில். "அப்புறம் எதுக்கு நாலாம் வகுப்பு சார்னு போட்டே?"

"ஸ்கூல்ல அப்பான்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சார்."