எடுக்க ஆள் வராத தூக்குவாளி

தன் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் தவசி. 'மறைந்த தவசி' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. பலகைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு புங்க மரம்.

குரங்கணிப் பாதையில் மலையடிவாரத்தில் இருந்த கல்குவாரி அது. பாறை சரிந்து ஆட்கள் உள்ளே புதைந்த அன்றோடு மூடிக்கிடந்தது. இப்போதுதான் சரிவில் மண் கொட்டி, படிப்படியாகத் தட்டி, வெட்டிவேரும் மரமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்க முடியாமல் போன ஒவ்வொரு உடலுக்கும் ஒரு மரம், ஒரு பலகை.

காற்றே இல்லை. புங்கையின் ஒரு சிறு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சள் நூலில் கட்டிய ஒற்றை மெட்டி, வெள்ளி கறுத்துத் தொங்கியது. மனைவி கற்பகத்தின் மெட்டி. தாலியறுத்த அன்று கழற்றியதை இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கிறாள்.

"யாருண்ணே நீங்க? எந்தூரு?" நடவு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பிச்சைமணி பக்கத்தில் வந்தார். தாடியும் நரையுமாக நின்றவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சாந்தன்பாறைப் பக்கம். ஏலத்தோட்டத்துல சோலி. இந்தத் தவசி எனக்குப் பழக்கம்."

"இத்தன வருசங்கழிச்சா எழவு கேக்க வர்றீக? ஜீப்பு கெடைக்கலையாக்கும்?" மண்வெட்டியோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிச்சைமணி திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ சுஜிதா, வெரசாத் தண்ணியக் கொண்டா. ஒங்கப்பனுக்கு விருந்தாளி வந்திருக்காக!"

குடத்தோடு ஏறிவந்தவளைப் பார்த்ததும் தவசி துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். அதே நெற்றி, அதே நடை. கற்பகமே வருகிற மாதிரி இருந்தது.

பாறை சரிந்த அன்று விடியலில், குவாரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் ஜீப் ஏறினார். மலைமேல் வேறொருத்தி காத்திருந்தாள். போன அவசரத்தில் அடுப்படியிலிருந்த சோற்றுத் தூக்குவாளியைக்கூட எடுக்கவில்லை. குவாரியில் செத்தவர்களில் தன் பெயரும் இருப்பதைப் பிறகு ஒரு டீக்கடையில் கேட்டார். அப்படியே செத்தவராக இருந்துவிட்டார். போடியிலிருந்து எந்த ஜீப் வந்தாலும் ஏலச்செடிக்குள் ஒதுங்கிக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் மலைமேல் இருந்தவளும் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். கற்பகத்தின் காலில் விழுந்தாவது வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்றுதான் இப்போது இறங்கி வந்திருந்தார்.

"ஒடம்பு கெடைக்கலையே, தவசிதான் செத்தான்னு எப்பிடிச் சொன்னாக?" மெல்லக் கேட்டார்.

"குவாரி வழக்கந்தான். பள்ளத்துல எறங்குற ஆளு மேல நிக்கிற வேப்பமரத்துல தூக்குவாளிய மாட்டிட்டுத்தான் எறங்கணும். பொழுதடைய எந்த வாளிய எடுக்க ஆள் வரலையோ, அந்த ஆளு உள்ள கெடக்கான்னு அர்த்தம். தவசின்னு பேரு வெட்டுன வாளி அங்க தொங்குச்சு. மூடிகூடத் தெறக்கல."

அடுப்படியில் விட்டுவந்த வாளி வேப்பமரத்துக்கு எப்படிப் போனது என்று தவசிக்குப் புரியவில்லை. "அவன் சம்சாரம் கற்பகம்... வீட்லதான் இருக்குமா?"

பிச்சைமணி சுஜிதாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவளா? சேதி சொல்ல ஆளு போனப்ப வீட்ல அஞ்சு வயசுப் புள்ள மட்டும்தான் அழுதுக்கிட்டு இருந்துச்சு. எவன்கூடயோ மலையேறிட்டாள்னு ஊரே பேசுச்சு. இந்தப் பிள்ளைய அத்தைக்காரிதான் வளத்தா."

தவசியின் முகம் இறுகியது. அப்படியானால் பாறை சரிந்த சேதி கேட்டதும் ஓடிவந்து வாளியை மாட்டியவள் அவள்தான். புருசனைச் செத்தவனாக்கிவிட்டு, மெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எவனோடோ போயிருக்கிறாள். தானும் ஓடிப்போனவன் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

"பொய்யி!" என்று கத்தியேவிட்டார். "தவசி அன்னைக்குத் தூக்குவாளியே எடுக்கல. அடுப்படியில வச்சிட்டுப் போயிட்டான்!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. பிச்சைமணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

சுஜிதா இடுப்பிலிருந்த குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"அஞ்சு வயசுலருந்து நானும் இதத்தான் சொல்றேன். ஒருத்தரும் நம்பல." கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்தாள். "வாளிய வச்சிட்டுப் போனது அன்னைக்கு வீட்ல இருந்த எனக்கும் எங்கம்மாவுக்கும் தெரியும். வச்சிட்டுப் போன ஆளுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

தவசி பின்வாங்கினார். பலகை காலில் இடித்தது.

அவள் எட்டி, கிளையில் ஆடிக்கொண்டிருந்த மெட்டியைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "இத யாரும் கழட்டிப் போடல. இந்த மரத்துக்குக் குழி தோண்டையில, அடி மண்ணுல கெடந்துச்சு. நான்தான் எடுத்துக் கட்டுனேன்."

தவசி தன் காலடி மண்ணைப் பார்த்தார். நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"மனுசன் பசியோட போயிட்டாரேன்னு வாளியத் தூக்கிக்கிட்டு அம்மா ஓடுச்சு. பாறை சரியுறதுக்கு முந்தியே வேப்பமரத்துல மாட்டிட்டு, கூப்பிட்டுப் பாத்திருக்கும். பதிலு வந்திருக்காது."

சுஜிதா குடத்தைச் சாய்த்து மரத்தடியில் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒங்களத் தேடித்தான்ப்பா அம்மா பள்ளத்துல எறங்குச்சு."