எட்டு நிமிஷம்

“இதுல ஒரு குறையும் இல்லை,” என்றான் கிளேட்டன். சாவுச் செய்தி சொல்வது போலச் சொன்னான்.

வெர்னாவின் சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்கும் ஆப்பிள் கேக்குக்கும் நடுவே, அந்த ரயில்வே பாக்கெட் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு வருடம் கழித்து அது வீடு திரும்பியிருந்தது.

“சாப்பிடற நேரத்துல எடுத்து வைடா அதை,” என்றாள் வெர்னா.

“விடுங்க அத்தை,” என்றாள் மருமகள் டோரீன். “எங்க வீட்டுல நூத்தி எண்பது கடிகாரம் இருக்கு. ஒரு நாளாவது உங்க மகன் சாப்பாட்டுக்கு நேரத்தோட வந்திருக்காரான்னு கேளுங்க.”

கிளேட்டன் சிரிக்கவில்லை. அந்த நூற்றெண்பதும் இந்த ஒன்றைத் தேடப்போய்ச் சேர்ந்தவை. பழைய ரயில்வே கடிகாரம் விற்கிற சந்தை ஒன்றுவிடாமல் போய், ஒவ்வொன்றின் முதுகையும் திறந்து உள்ளே பொறித்த எண்ணைப் பார்த்தே அவனுக்கு நரை விழுந்துவிட்டது. போன மாதம் கொலம்பஸ் நகரத்தில், ஒரு கிழவரின் கடையில், அப்பாவின் கடிகார எண் கிடைத்தது.

அப்பா எல்வுட் ரயில் ஓட்டியவர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வந்த வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய இடத்துக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போனார். மோதலில் அவரோடு இன்னும் நாலு பேர் செத்தார்கள். அவர் பையிலிருந்த கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, எட்டு நிமிடம் பின்னால்.

டிரைவரின் அலட்சியம் என்று கம்பெனி எழுதி மூடிவிட்டது; எடுத்துப்போன கடிகாரமும் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு அவரோடு வேலை பார்த்த ஒருவர்கூட வரவில்லை. கடிகாரத்தில்தான் பழுது, மனிதரிடம் இல்லை என்று நிரூபிக்கத்தான் கிளேட்டன் இத்தனை வருடம் அலைந்தான்.

“மூணு பேர்கிட்ட குடுத்துப் பிரிச்சுப் பாத்துட்டேன்மா. ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுகூடத் தப்பலை. அப்போ அந்த எட்டு நிமிஷம் எங்க போச்சு?”

“எனக்கென்னடா தெரியும்?”

“இது தானாப் பின்னால போகாது. சட்டைப்பையில இடிபட்டு முள்ளு நகந்துடக் கூடாதுன்னே செஞ்சது இது. தலையில இருக்கிற குமிழ் வெறும் சாவி குடுக்கத்தான். நேரத்தை மாத்தணும்னா முன்கண்ணாடியைத் திருகிக் கழட்டி, ஓரத்துல இருக்கிற சின்ன நெம்புகோலை நகத்தால வெளிய இழுக்கணும். அப்புறம்தான் குமிழைத் திருப்பினா முள்ளு நகரும்.” அவன் குரல் தழைந்தது. “அப்பா செய்றதை மடியில உக்காந்து பாத்திருக்கேன். அவர் முகம் ஞாபகமில்லை. அந்த நகம் ஞாபகமிருக்கு.”

டோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“விபத்துக்கு முந்தின நாள்தான் கம்பெனி ஆள் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கான். காலையில யாரோ வேணும்னே தள்ளி வெச்சிருக்காங்க. நம்ம வீட்டுலதான்.” கிளேட்டன் அம்மாவை நேராகப் பார்த்தான். “உன்னைத் தவிர வேற யாரும்மா இருந்தாங்க?”

வெர்னா மேசைவிரிப்பின் நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“நான்தான்,” என்றாள்.

கிளேட்டன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“அவர் சவரம் பண்ணப் போயிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுல இருக்கட்டுமேன்னுதான்... கிளம்பறதுக்கு முன்னால டிரைவரும் கார்டும் ரெண்டு கடிகாரத்தையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாப்பாங்க இல்லையா, அங்க தானா சரியாயிடும்னு இருந்துட்டேன். அன்னைக்கு லேட்டாப் போனதால அதுக்கும் நேரமில்லை. தூரத்துல இருந்தே கையைக் காட்டிட்டுக் கிளம்பிட்டாங்க.”

“அந்த எட்டு நிமிஷத்துல என்னம்மா கிடைச்சுது உனக்கு?”

“இன்னொரு பான்கேக் சாப்பிட்டார். உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு.”

கிளேட்டன் கடிகாரத்தை அவள் பக்கம் தள்ளினான். “எப்படி மாத்தினே? காட்டு.”

வெர்னா அதைக் கையில் எடுத்தாள். தலையிலிருந்த குமிழை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கமாகத் திருகினாள். கர் கர் என்றது. முள் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் அழுத்தித் திருகினாள்.

கிளேட்டன் அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

“ஊரே அப்பாவைத் திட்டிச்சு. கேட்டுக்கிட்டு இந்த வீட்டுலேயே உக்காந்திருந்திருக்கே,” என்றபடி எழுந்து கோட்டை எடுத்தான். “இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். என் பிள்ளைங்களும் வர மாட்டாங்க.”

“கேக்கையாவது எடுத்துட்டுப் போடா. பிள்ளைங்களுக்குன்னு செஞ்சேன்.”

கதவை அறைந்து சாத்தினான். வெளியே கார் உறுமியது.

டோரீன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு மாமியாரின் கையிலிருந்து கடிகாரத்தை மெல்ல வாங்கினாள்.

“அத்தை, இதுல முள்ளை எப்படி நகத்தறதுன்னே உங்களுக்குத் தெரியலை. செய்யாததை ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க? இருங்க, நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன்.”

வெர்னா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. அப்போ அவனுக்கு அஞ்சு வயசு.”