நாலு மணி பன்

சலூன்காரருக்குக் கை நடுங்கியது. திரைக்குப் பின்னால் போய், அடுக்கிய துண்டுகளுக்கு அடியில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய பன்னை எடுத்தார். திருடும் கை நடுங்கத்தானே செய்யும்.

வெளியே நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, பிளேடு எடுக்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா?"

"வந்துட்டேன்" என்றார், வாய் நிறையப் பன்னோடு. நாலே கடியில் அது தீர்ந்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கத்தியைப் பிடித்தபோது நடுக்கம் நின்றிருந்தது. அதுதான் அவரை அதிகம் அறுத்தது. தப்பைச் செய்து முடித்ததும் உடம்புக்கு இப்படி ஒரு நிம்மதியா?

சர்க்கரை வந்து ஒரு வருடம். ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு ஒரு பிளாஸ்டிக் கப்பும் கொடுத்தார்கள். கப்பில் நீல மையால் ஒரு கோடு. ஒரு வேளைக்கு அந்தக் கோடு வரைதான் சோறு. மனைவி அதற்கு மேல் ஒரு பருக்கை ஏற விடுவதில்லை. சர்க்கரையில் ஒரு காலை இழந்த தன் அப்பாவைப் பதினோரு வருடம் தூக்கி உட்காரவைத்தவள் அவள்.

முதலில் அவராலும் முடிந்தது. இந்த நாலு மாதமாகத்தான் மனசு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முன்பு பதினான்கு கவளம் வந்த சோறு இப்போது பத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆசை பெருத்தால் கவளமும் பெருக்கும் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே தினமும் பன் வாங்கினார்.

அன்று ஐந்தரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அழைத்துப்போக வந்த மனைவி அவர் காலரை இழுத்துச் சரிசெய்து, இளைத்ததில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டீர்கள் என்றாள். இவரைப் போல வாயைக் கட்டியவர் யாருமில்லை என்று அக்காவிடம் சொன்னதையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் தரையைப் பார்த்து நடந்தார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் சலூன்காரர் முந்திக்கொண்டார்.

"இவ மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். தினமும் நாலு மணிக்கு நான்தான் ஒளிச்சுவச்சு பன் தின்னுறேன்."

மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. தின்பதற்கு முன் கை நடுங்குமா, வேர்க்குமா, தின்ற பிறகு நின்றுவிடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாட்டிக்கொண்டவனைப் போல அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தப்பு செய்கிற பயம் டாக்டர், வேறென்ன என்றார்.

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்கு சர்க்கரை ரொம்ப இறங்கிப்போகுது. இந்த மாத்திரைக்கு நான் சொன்ன அளவாவது சாப்பாடு உள்ள போகணும். அந்த பன் இல்லேன்னா என்னைக்கோ கத்தியோட ஆள் மேலயே விழுந்திருப்பீங்க."

கோடு வரை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேனே என்றார் அவர். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். அந்த அளவு சாப்பிட்டால் இப்படி ஆக வழியே இல்லை என்றார்.

மனைவி மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"கப்புல இருந்த கோட்டை அழிச்சு, கொஞ்சம் கீழ தள்ளிப் போட்டது நான்தான்."